பத்துச்சீட்டிலிருந்து ராஜினாமாக் கடிதம் வரை

நான் எழுத்தாளனும் இல்லை, வழக்கறிஞனும் இல்லை. மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இந்த அப்டன் பார்க்கில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்கிறவன். நமது வரலாற்றைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். ஒரு காகிதத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை க்வீன்ஸ் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அப்டன் பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தச் சந்தை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் தெருவில் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஒரு பையன் என்னைப் பார்த்து வந்தான். திருச்சிப் பக்கம். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நலம் விசாரித்து முடிந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, பெர்சனல் ரீசன்ஸ்னு போட்டு ரிசைன் பண்ணா பின்னாடி ஏதாவது பிரச்சினை வருமா?"

"ஏன் தம்பி, ஊருக்குப் போறீங்களா?"

"இல்லண்ணே. அவங்கதான் அப்படி எழுதித் தரச் சொல்றாங்க."

விஷயம் இதுதான். முதல் மாதம் முழுச் சம்பளம் வந்தது. அடுத்த மாதம் பாதி. அதற்குப் பிறகு இரண்டு மாதமாக எதுவும் இல்லை. கேட்டால் கணக்குப் பிரிவில் கோளாறு என்பார்கள். விடாமல் கேட்கத் தொடங்கியதும் மேலாளர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: நீயாக விலகுவதாகக் கடிதம் கொடு, பாக்கியைத் தீர்த்துவிடுகிறோம், கொடுக்காவிட்டால் உன் விசாவைப் பற்றி உள்துறைக்கு எழுதுவோம். திங்கட்கிழமை கடிதம் வேண்டும். ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பேசும்போது எனக்கு என் அப்பாயியின் ஞாபகம் வந்தது. அவளுடைய அப்பா தோட்டம் மாறிப்போன கதையை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். "அந்தத் துண்டுக் கடுதாசியில எங்கப்பா பேரே கெடையாது. கங்காணி பேரு, தலை எத்தனை, கடன் எவ்வளவு, அவ்வளவுதான்."

அந்தத் துண்டு என்ன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் மக்கள் கங்காணிகள் மூலம் போனார்கள். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று முதல் நாளே கடன் தொடங்கிவிடும். அதற்குப் பற்று என்று பெயர். கூலி மாதக்கணக்கில் தள்ளித்தான் வரும். அதிலும் அரிசிக்கும் பற்றுக்கும் கழித்ததுபோக மீதி. குறித்த அளவு வேலை முடியவில்லை என்றால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. இந்த நிலையில் ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு சிறு காகிதம் எழுதிக் கொடுப்பார்: இந்தக் கங்காணியையும் இத்தனை ஆட்களையும், இவ்வளவு ரூபாய் கடனைக் கட்டினால் விடுவிப்பேன். அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, அவர்களோடு சேர்ந்து தோட்டம் மாறும். துண்டு இல்லாமல் போக வழியில்லை.

துண்டு வழக்கத்தில் இருந்தது என்றால், அதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம். சிவில் வழக்கில்லை, ஜெயில். அதே சட்டத்தில் ஒரு சின்ன வாசலும் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் கூலி பாக்கி இருந்து, அதைத் தொழிலாளி முன்கூட்டியே கேட்டும் கொடுக்கப்படவில்லை என்றால், அவன் விட்டுப்போனதற்காகத் தண்டிக்கக் கூடாது. கூலி கொடுக்காதவன் ஒப்பந்தத்தைத் தானே முறித்துவிட்டான் என்ற எண்ணம் அந்த வரியில் இருக்கிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, கங்காணி மூலமாகவே கூலி பெறுகிற ஒருவர், தான் கேட்டதையும் கிடைக்காததையும் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பார்? வாசல் இருந்தது, அதுவரை நடந்துபோகப் பாதை இல்லை.

பிறகு காப்பி அழிந்தது. 1869இல் முதலில் கண்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்றுவிட்டது. துரைமார் திவாலானார்கள், ஆட்களுக்குக் கூலி நின்றது. 1884இல் ஒரு சட்டம் வந்து, கூலி பாக்கிக்குத் தோட்டத்தின் மீதே முதல் உரிமை உண்டு என்றது. 1889இல் இன்னொரு சட்டம், ஒரு மாதத்துக் கூலியை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. அக்காலத்துக்கு அது முன்னேற்றம்தான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துரை இரண்டு மாதம் தாமதித்தால் அது சட்டப்படி சரி. தொழிலாளி சொல்லாமல் போனால் சிறை.

இந்தச் சிறைச் சட்டம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1823ஆம் ஆண்டின் எசமான் - வேலையாள் சட்டம், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விடும் ஆங்கிலத் தொழிலாளியை 3 மாதம் வரை உள்ளே தள்ள வழி வைத்திருந்தது. எசமான் கூலி கொடுக்காவிட்டால் அவருக்குச் சிறை கிடையாது. பணத்தைக் கட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். இங்கே தொழிற்சங்கங்கள் போராடி 1875இல் அதை ஒழித்தன. அப்படி ஒழித்த அதே அரசு, இலங்கையில் அதை மேலும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வைத்திருந்தது. சென்னை மாகாணத்திலும் 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் 1920களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது.

இலங்கையில் இதற்கு எதிராக உரக்கப் பேசியவர்களில் முக்கியமானவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். பெரிய குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, சிவில் சேவையில் உயர்பதவி வகித்தவர். ஓய்வுக்குப் பிறகு 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, கூலி ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற விதியை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். இந்தியாவிலிருந்தும் அழுத்தம் வந்தது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. சிறைத் தண்டனையும் அந்தக் காலத்திலேயே போனது. 1927இல் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் அதுதான் தவறு. காகிதம் வேறு வடிவில் திரும்பி வந்தது. பற்றுச்சீட்டு என்று எழுதுவார்கள். எங்கள் லயத்தில் பத்துச்சீட்டு என்பார்கள். வேலையிலிருந்து விடுவித்ததற்கான சீட்டு அது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1930களின் தொடக்கத்தில் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிற்சங்கம் அமைத்தபோது, சங்கத்தில் சேர்ந்தவர்களுக்குத் துரைமார் வைத்திருந்த ஆயுதம் அதுதான். சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் வேலை போகும். வேலையோடு லயத்து அறையும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. சீட்டு இல்லாமல் வந்தாலோ அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். முன்பு போக விடாமல் வைத்திருக்க ஒரு காகிதம். இப்போது வெளியே தள்ள ஒரு காகிதம். ஒருவர் எப்போது வேலையை விடுவது என்பதை அவர் தீர்மானிக்கக் கூடாது, அது மட்டும் மாறவில்லை.

இனி நம் ஊருக்கு, கிழக்கு லண்டனுக்கு வருகிறேன். அப்டன் பார்க்கிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் சில நிறுத்தங்களில் போ ரோடு. அங்கே இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் 1888இல் பெண்களும் சிறுமிகளுமாக வேலை செய்தார்கள். கிடைத்த சொற்ப வாரக் கூலியிலும் அபராதம் பிடிப்பார்கள். கால் அழுக்காக இருந்தால் அபராதம், வேலை செய்யும் இடத்துக்குக் கீழே குப்பை கிடந்தால் அபராதம், பேசினால் அபராதம். எங்கள் அரைப்பேரின் லண்டன் பங்காளி இது. அன்னி பெசன்ட் இதைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். ஆமாம், பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்து, 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அதே அன்னி பெசன்ட்தான்.

நிர்வாகம் என்ன செய்தது? ஒரு காகிதத்தை நீட்டியது. பெசன்ட் எழுதியது பொய், நாங்கள் திருப்தியாக இருக்கிறோம் என்று கையெழுத்துப் போடச் சொன்னது. பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையை விட்டு நீக்கியதும் ஏறக்குறைய 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். சில வாரங்களில் நிர்வாகம் இறங்கி வந்தது, அபராதங்கள் போயின. கூலி உயர்வைப் பற்றி எத்தனையோ போராட்டங்கள் உண்டு. இந்தப் போராட்டத்தை நான் நினைவில் வைத்திருப்பது அந்தக் கையெழுத்துக்காக. பொய்யான ஒரு வாக்கியத்துக்குக் கீழே பெயர் எழுத மாட்டோம் என்றார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சட்டம் மெல்ல இவர்கள் பக்கம் நகர்ந்தது. 1971இல் பிரிட்டனில் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான உரிமை வந்தது. உடனே கேள்வியும் வந்தது: முதலாளி நீக்காமல், தொழிலாளி தானே போகும்படி செய்தால்? 1972இலேயே ஒரு வழக்கில், ராஜினாமா செய், இல்லையென்றால் நீக்குவோம் என்று சொல்லி வாங்கிய ராஜினாமா பணிநீக்கமே என்று தீர்ப்பாயிற்று. அதற்கு அடுத்த படி, முதலாளியின் நடத்தை தாங்க முடியாமல் ஒருவர் விலகுவது. அதையும் பணிநீக்கமாகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது. அதன் எல்லை எது என்று வகுத்த வழக்கு 1977இல் லார்ட் டென்னிங் முன்னால் வந்தது: வெஸ்டர்ன் எக்ஸ்கவேட்டிங் எதிர் ஷார்ப்.

அந்த வழக்கின் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். தொழிலாளி ஒரு பிற்பகல் அனுமதியில்லாமல் சீட்டாட்டப் போட்டிக்குப் போய்விட்டார். நிறுவனம் அவரை நீக்கியது. உள்முறையீட்டில் அதை 5 நாள் சம்பளமில்லா இடைநீக்கமாகக் குறைத்தது. கையில் காசில்லை. சேர்ந்திருந்த விடுமுறைச் சம்பளத்தை முன்கூட்டிக் கேட்டார், மறுத்தார்கள். 40 பவுண்டு கடன் கேட்டார், மறுத்தார்கள். வேலையை விட்டால் விடுமுறைப் பணம் கைக்கு வரும் என்று விட்டுவிட்டார். கீழே இரண்டு படிகளில் வென்றார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது கேள்வி இல்லை, ஒப்பந்தத்தின் ஆணிவேரை முறித்தாரா என்பதே கேள்வி என்றார் டென்னிங். முன்பணம் கொடுக்க மறுப்பது ஒப்பந்தத்தை முறிப்பதாகாது. ஆனால் உழைத்து முடித்த மாதத்தின் சம்பளத்தை வேண்டுமென்றே கொடுக்காமல் வைப்பது அந்த ஆணிவேரிலேயே கைவைப்பது என்று பின்வந்த தீர்ப்புகள் சொல்லின. 1865இன் அந்தச் சின்ன வாசல், நூறு ஆண்டுகள் கழித்து ஆள் நுழையும் அளவுக்குப் பெரிதாயிற்று.

இன்று இந்த உரிமைகள் 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சம்பள பாக்கி ஒரு வழக்கு. அதைக் கேட்க இத்தனை காலம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வேலையை விடவும் தேவையில்லை. கட்டாயத்தால் விலகியதைச் சாதாரண நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்காடுவது வேறு. அதற்குக் குறிப்பிட்ட கால சேவை வேண்டும். நம்மில் பலர் இரண்டாவது முடியாது என்று கேள்விப்பட்டு முதலாவதையும் விட்டுவிடுகிறோம்.

கதவு திறந்திருப்பதும் நிரந்தரமில்லை. 2013இல் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் வந்தது. சம்பள பாக்கி கேட்டு விசாரணை வரை போக 390 பவுண்டு. சம்பளமே வராதவர் அதை எங்கே போய்க் கட்டுவார்? வழக்குகள் சரிந்தன. யூனிசன் தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணம் செல்லாது என்றது. தீர்ப்பு மாக்னா கார்ட்டா வரை பின்னோக்கிப் போனது.

இப்போது அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். அவன் விசா முதலாளியின் ஸ்பான்சர்ஷிப்பில் நிற்கிறது. வேலை முடிந்தால் 10 வேலை நாளுக்குள் நிறுவனம் உள்துறைக்கு அறிவிக்க வேண்டும். பிறகு வழக்கமாக 60 நாள் தருவார்கள், அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும் அல்லது நாட்டை விட்டுப் போக வேண்டும். நிறுவனத்தைப் பற்றிப் புகார் செய்து அதன் உரிமம் பறிபோனாலும் அவனுக்கு அதே 60 நாள்தான். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் பற்று. ஸ்பான்சர் சான்று துண்டு. மேலாளர் கேட்ட கடிதம் பத்துச்சீட்டு, ஒரே வித்தியாசம், அதை எழுத வேண்டியவன் அவனே. இரண்டு காலமும் ஒன்று என்று சொல்லமாட்டேன். என் பாட்டனுக்குத் தீர்ப்பாயம் கிடையாது, இவனுக்கு உண்டு. ஆனால் பயம் வேலை செய்யும் விதம் ஒன்றாகவே இருக்கிறது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டனுக்கு வந்த புதிதில் நான் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கினேன். ஆறு வாரச் சம்பளம் நின்றது. முதலாளி நம்மவர், ஊர்ப்பேச்சு பேசுவார், பொங்கலுக்குக் கூப்பிடுவார். அவரும் ஒரு தாளைத் தந்தார். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பணம் வரவில்லை. பல வருடம் என் மனைவிக்கும் அதைச் சொல்லவில்லை. ஏமாந்ததைவிட, அந்தப் பொய்யை என் கையால் எழுதியதுதான் உறுத்தியது. பத்துச்சீட்டின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் அல்லவா நான்.

அதனால் அவனிடம், "தம்பி, திங்கக்கிழமை அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீங்க. வேற ஒரு கடிதம் கொடுங்க" என்றேன். அன்று மாலை என் சமையலறை மேசையில் எழுதினோம். எந்தெந்த மாதம் எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கேட்டான், என்ன பதில் வந்தது, ராஜினாமா செய்யும்படி யார் எப்போது சொன்னார். நான் விலக விரும்பவில்லை, என் சம்பளத்தைக் கேட்கிறேன் என்று முடித்தோம். வேலை அட்டவணை, பேஸ்லிப், வங்கிக் கணக்கு, மேலாளரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். கோர்ட்டில் எதைக் காட்டுவது என்று 1865இல் இல்லாத அந்தப் பாதை, இன்று இந்த நகல்கள்தான். எதிர்ப்பை எழுத்தில் தெரிவிக்காமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால், ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் உண்டு.

அடுத்த வாரம் அகாஸ் அமைப்பில் சமரசத்துக்குப் பதிந்தான். தீர்ப்பாயத்துக்குப் போகுமுன் அது கட்டாயப் படி, இலவசம். கெடு நீண்ட காலமாக 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதை நீட்டச் சட்டம் வந்திருக்கிறது; ஆனாலும் பழைய கெடுவையே மனதில் வையுங்கள், நட்டமில்லை. விசா விஷயத்தை என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள் என்று சொல்லி, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் அனுப்பினேன். விசா சிக்கலில் இருப்பவருக்குக் கூலி கேட்கும் உரிமையே இல்லை என்று பயமுறுத்துவார்கள். அது அப்படியே உண்மையில்லை. 2019இல், தன் விசா காலாவதியானதே தெரியாமல் உழைத்த மலாவி நாட்டு வீட்டுப் பணிப்பெண் ஒருவரின் கோரிக்கையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

பாக்கிச் சம்பளம் வந்தது. வேலை நிற்கவில்லை, இரண்டு மாதத்துக்குள் ஏதோ காரணம் சொல்லி நீக்கினார்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் நீக்குகிறோம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள், விலகுகிறேன் என்று அவன் எழுதவில்லை. அடுத்த ஸ்பான்சரைத் தேடி 60 நாளில் பெரும்பகுதி ஓடிவிட்டது. கடைசியில் வடக்கே ஒரு ஊரில் கிடைத்தது. மேல்மாடி அறையைக் காலி செய்த அன்று சாவியைக் கொடுக்க வந்தவன், என் அப்பாயியின் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன்.

நேரலையில் பார்க்கிறவர்களில் யாருக்காவது திங்கட்கிழமை ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தால், அதில் இருப்பது உங்கள் வாக்கியமா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.